ஆவணத்தில் ஓடுகிறது, டெர்மினலில் ஓடவில்லை: பைடெஸ்ட் ஆப்ஷன்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

பைத்தான் நிரல்களைச் சோதிக்கப் பைடெஸ்ட் பயன்படுத்தும் குழுக்களில் ரீட்மீ கோப்பில் நாலு கட்டளை வரி எழுதி வைத்திருப்பார்கள். எழுதியவர் கணினியில் அவை ஓடும், புதிதாக வந்தவர் கணினியில் ஓடாது. பெரும்பாலும் தவறு ஆப்ஷனில் (கட்டளையோடு சேர்த்து அடிக்கும் --மேக்ஸ்ஃபெயில் போன்றதில்) இருப்பதில்லை. அது எந்த வழியாகப் பைடெஸ்ட்டிடம் போய்ச் சேர்ந்தது, அல்லது சேராமல் போனது என்பதில்தான் இருக்கிறது. அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் இரண்டு விஷயங்கள் உண்டு: ஓட்டுபவர் இப்போதைக்கு என்ன செய்வது, ஆவணம் எழுதுபவர் எந்த வரியைத் திருத்துவது.

இங்கே கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். டெர்மினலில் அவற்றை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். கோடு, சமக்குறி, இடைவெளி எல்லாம் இருப்பது இருப்பதுபோலவே. சிறிய எழுத்தா பெரிய எழுத்தா என்பது முக்கியமான இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் முடிவு எண்

பைடெஸ்ட் நின்ற கையோடு, வேறு எதையும் அடிக்கும் முன், லினக்ஸிலும் மேக்கிலும் எக்கோ $? என்று அடியுங்கள். பவர்ஷெல்லில் $லாஸ்ட்எக்ஸிட்கோட், விண்டோஸ் கமாண்ட் ப்ராம்ப்டில் எக்கோ %எர்ரர்லெவல்%.

0 – எல்லா டெஸ்ட்டும் தேறின.
1 – ஓடின, சில தோற்றன.
2 – பாதியில் நின்றது. கன்ட்ரோல்-சி அழுத்தியிருக்கலாம், டெஸ்ட் கோப்புகளைத் திரட்டும்போதே இம்போர்ட் பிழை வந்திருந்தாலும் இதே எண்தான்.
3 – பைடெஸ்ட்டுக்குள்ளேயே பிழை.
4 – கட்டளை வரி தவறு.
5 – ஓட்ட ஒரு டெஸ்ட்கூடக் கிடைக்கவில்லை.

இந்தப் பக்கத்தில் பெரும்பகுதி 4, 5 பற்றியது. 1 வந்தால் ஆப்ஷனைக் குறை சொல்ல வேண்டாம், டெஸ்ட்டைப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. வெளியீட்டைக் கோப்பிலும் சேமிக்க பைடெஸ்ட் | டீ லாக்.டெக்ஸ்ட் என்று ஓட்டினால், $? காட்டுவது டீ கட்டளையின் எண். அது பெரும்பாலும் 0-தான் சொல்லும். சிஐ (நிரல் மாறும்போதெல்லாம் டெஸ்ட்களைத் தானாக ஓட்டும் சர்வர்) ஸ்கிரிப்ட்டில் தோற்ற டெஸ்ட் பச்சையாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். பாஷ் ஸ்கிரிப்ட்டின் தொடக்கத்தில் செட் -ஓ பைப்ஃபெயில் போட்டால் சரியாகும்.

## அறிகுறி: "ஃபைல் ஆர் டைரக்டரி நாட் ஃபவுண்ட்", பக்கத்தில் ஆப்ஷனின் பெயரே நிற்கிறது

கோப்பின் பெயரைத் தந்ததாக நினைவே இல்லை. ஆனால் பிழை இப்படி வருகிறது:

எர்ரர்: ஃபைல் ஆர் டைரக்டரி நாட் ஃபவுண்ட்: –மேக்ஸ்ஃபெயில்=2

அந்தக் கோட்டை உற்றுப் பாருங்கள். அடித்தது இரண்டு சிறு கோடுகள். பிழைச் செய்தியில் நிற்பதோ ஒரே ஒரு நீளக் கோடு. ஆவணத்திலிருந்தோ அரட்டைச் செயலியிலிருந்தோ நகலெடுத்து ஒட்டியபோது -- என்பது – ஆகிவிட்டது. சாதாரணக் கோட்டில் தொடங்கினால்தான் பைடெஸ்ட் அதை ஆப்ஷன் என்று எடுத்துக்கொள்ளும். மற்ற எதையும் டெஸ்ட் கோப்பின் பெயர் என்று நினைத்துத் தேடப் போய்விடும். சந்தேகம் இருந்தால் அந்த வரியை எக்ஸ்எக்ஸ்டி கட்டளைக்குள் செலுத்திப் பாருங்கள். நல்ல கோடு 2டி என்று தெரியும். கெட்டது ஈ2 80 93 என்று மூன்று பைட்டாக வரும். ஓட்டுபவருக்கு வைத்தியம் எளிது: கோடுகளை அழித்துக் கையால் அடிக்கலாம்.

ஆவணம் எழுதுபவருக்குத்தான் வேலை இருக்கிறது. ஆவணப் பக்கங்களை உருவாக்கும் ஸ்ஃபிங்ஸ் கருவியில் ஸ்மார்ட்கோட்ஸ் என்ற அமைப்பு முன்னிருப்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும். உரையில் வரும் இரட்டைக்கோட்டை அது நீளக் கோடாக்கிவிடும். இரட்டை பேக்டிக் குறிக்குள்ளோ (``) கோட்-பிளாக்கிலோ இருப்பதை அது தொடாது. ஆகவே ஆப்ஷன் பெயர் எங்கு வந்தாலும், வாக்கியத்தின் நடுவில் வந்தாலும், தலைப்பில் வந்தாலும், இரட்டை பேக்டிக் குறிக்குள் இருக்கட்டும். பழைய பக்கங்கள் நூற்றுக்கணக்கில் கிடந்தால் கான்ஃப்.பிஒய் கோப்பில் ஸ்மார்ட்கோட்ஸ்_ஆக்ஷன் மதிப்பை 'க்யூடிஈ' என்பதிலிருந்து 'க்யூஈ' ஆக மாற்றுங்கள். நடுவில் இருக்கும் பெரிய டி-தான் கோடுகளை மாற்றும் ஆள். அதை எடுத்துவிட்டால் மேற்கோள் குறிகளின் அழகு கெடாமல் கோடுகள் மட்டும் தப்பிக்கும்.

அதே பிழைச் செய்தியில் "அண்ட்" அல்லது "நாட்" என்ற சொல் நின்றால் காரணம் வேறு. -கே 'லாகின் அண்ட் நாட் ஸ்லோ' என்று ஒற்றை மேற்கோளில் எழுதிய வரியை விண்டோஸ் கமாண்ட் ப்ராம்ப்டில் ஓட்டியிருப்பார்கள். அதற்கு ஒற்றை மேற்கோள் சாதாரண எழுத்து. முதல் சொல் -கே ஆப்ஷனுக்கு (பெயரை வைத்து டெஸ்ட்களைத் தேர்ந்தெடுப்பது) போக, மீதிச் சொற்கள் கோப்புப் பெயர்களாகிவிடும். இரட்டை மேற்கோள் எல்லா இடத்திலும் செல்லும். ஆவணத்தில் அதையே பழக்கமாக்குங்கள்.

மேக்கில் "நோ மேட்சஸ் ஃபவுண்ட்" என்று வந்தால் அதைச் சொல்வது பைடெஸ்ட் அல்ல, இசட்ஷெல். டெஸ்ட்_விலை[3] போன்ற பெயரில் உள்ள சதுர அடைப்பை அது கோப்புத் தேடல் குறியாகப் படிக்கிறது. முழுப் பெயரையும் மேற்கோளுக்குள் வையுங்கள்.

## அறிகுறி: "அன்ரெகக்னைஸ்டு ஆர்கியுமென்ட்ஸ்"

அதிகம் வருவது இதுதான். செய்தியைக் கடைசி வரை படிப்பவர்கள் குறைவு. துப்பு அங்கேதான் இருக்கிறது:

பைடெஸ்ட்: எர்ரர்: அன்ரெகக்னைஸ்டு ஆர்கியுமென்ட்ஸ்: --கவ்=எஸ்ஆர்சி
  ஐஎன்ஐஃபைல்: /வேலை/கடை/பைடெஸ்ட்.ஐஎன்ஐ
  ரூட்டிர்: /வேலை/கடை

முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இந்த --கவ் நீங்கள் அடித்ததா? அடிக்கவில்லை என்றால் ஐஎன்ஐஃபைல் வரி காட்டும் அமைப்புக் கோப்பைத் திறந்து, ஆட்ஆப்ட்ஸ் என்ற வரியைப் பாருங்கள். அங்கே எழுதியிருப்பது ஒவ்வொரு ஓட்டத்திலும் தானாக முன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். அங்கும் இல்லையென்றால் பைடெஸ்ட்_ஆட்ஆப்ட்ஸ் என்ற சூழல் மாறியில் ஒளிந்திருக்கலாம். சிஐ சர்வர்களில் யாரோ எப்போதோ வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். சோதித்துப் பார்க்க:

பைடெஸ்ட் -ஓ ஆட்ஆப்ட்ஸ்=""

இப்போது ஓடினால் குற்றவாளி ஐஎன்ஐ கோப்புதான். இது சூழல் மாறியைத் தொடாது என்பதை மறக்க வேண்டாம். அதைத் தனியாக அன்செட் செய்ய வேண்டும்.

ஆப்ஷன் வந்த வழி தெரிந்துவிட்டது. இனி அது ஏன் புரியவில்லை என்று பார்க்க வேண்டும். --கவ் பைடெஸ்ட்டின் சொந்த ஆப்ஷன் அல்ல, பைடெஸ்ட்-கவ் என்ற ப்ளக்இன் (தனியாக நிறுவும் துணைநிரல்) தருவது. டெஸ்ட்களை இணையாக ஓட்டும் -என் எக்ஸ்டிஸ்ட்டிலிருந்து வருகிறது, --டைம்அவுட் பைடெஸ்ட்-டைம்அவுட்டிலிருந்து. ப்ளக்இன் நிறுவியிருக்கிறதா என்று பிப் லிஸ்ட் பார்த்து "இருக்கிறதே" என்று குழம்புவதும் உண்டு. பிப் ஒரு பைத்தானுக்கும், பைடெஸ்ட் வேறொரு பைத்தானுக்கும் சொந்தமாக இருந்தால் அப்படித்தான் ஆகும். பைத்தான் -எம் பைடெஸ்ட் -விவி என்று ஓட்டுங்கள், இங்கே இரண்டு வி-யும் பெரிய எழுத்து. பதிப்போடு ஏற்றப்பட்ட ப்ளக்இன்களின் பட்டியலும் வரும். சிறிய எழுத்தில் அடித்தால் அது வேறு ஆப்ஷன், டெஸ்ட்கள் ஓடத் தொடங்கிவிடும்.

ஆவணத்தில் ஆப்ஷன் அட்டவணை வைத்தால் "எங்கிருந்து வருகிறது" என்று ஒரு நெடுவரிசை கட்டாயம் வேண்டும்: பைடெஸ்ட்டின் சொந்த ஆப்ஷனா, எந்த ப்ளக்இன்னா, நம் கான்ஃப்டெஸ்ட்.பிஒய்யா (குழு எழுதி வைக்க, பைடெஸ்ட் தானாக ஏற்றும் கோப்பு). இந்த ஒரு நெடுவரிசை இல்லாத அட்டவணைதான் பாதிக் கேள்விகளுக்குக் காரணம்.

### குழுவே எழுதிய ஆப்ஷன் என்றால்

--என்வ்=ஸ்டேஜிங் போன்றவை கான்ஃப்டெஸ்ட்.பிஒய் கோப்பில் பைடெஸ்ட்_ஆட்ஆப்ஷன் என்ற செயற்கூறில் பதிவாகின்றன. கோப்பு இருக்கிறது, செயற்கூறு இருக்கிறது, ஆனாலும் அதே பிழை. ஏன்?

பைடெஸ்ட் கட்டளை வரியை முதலில் படித்துவிட்டு, பிறகுதான் டெஸ்ட்களைத் தேடி ஃபோல்டர்களுக்குள் போகிறது. கட்டளை வரியைப் படிக்கும் நேரத்தில் அதற்குத் தெரிந்த கான்ஃப்டெஸ்ட் கோப்புகள் சிலதான்: கட்டளையில் தந்த பாதையின் ஃபோல்டரில் இருப்பது, அதன் மேல் ஃபோல்டர்களில் இருப்பது, அதற்கு நேர் கீழே "டெஸ்ட்" என்று தொடங்கும் ஃபோல்டரில் இருப்பது. பாதை எதுவும் தராவிட்டால், ஐஎன்ஐ கோப்பில் டெஸ்ட்பாத்ஸ் சொல்லியிருந்தால் அது. இல்லையேல் நாம் நிற்கும் ஃபோல்டர். ஆக, ஆப்ஷன் டெஸ்ட்ஸ்/இன்டக்ரேஷன்/கான்ஃப்டெஸ்ட்.பிஒய் கோப்பில் பதிவாகியிருந்தால்:

பைடெஸ்ட் டெஸ்ட்ஸ்/இன்டக்ரேஷன் --என்வ்=ஸ்டேஜிங் – ஓடும்.
பைடெஸ்ட் --என்வ்=ஸ்டேஜிங் – ஓடாது. ஃபோல்டர் இரண்டு நிலை ஆழத்தில் இருக்கிறது.

எழுதியவர் முதல் வடிவத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு ஆவணத்தில் இரண்டாம் வடிவத்தை எழுதியிருப்பார். ஃபிக்ஸ்சர்களை (டெஸ்ட்டுக்கு வேண்டியதைத் தயார்செய்யும் செயற்கூறுகளை) கீழே வைத்துக்கொள்ளுங்கள், பைடெஸ்ட்_ஆட்ஆப்ஷனை மட்டும் ஐஎன்ஐ கோப்பு இருக்கும் அதே ஃபோல்டரின் கான்ஃப்டெஸ்ட்டுக்கு ஏற்றிவிடுங்கள்.

மதிப்பைச் சமக்குறியோடு எழுதுவதும் இதனால்தான். --என்வ் ஸ்டேஜிங் என்று இடைவெளி விட்டால், அந்த ஆப்ஷனை இன்னும் அறியாத முதல் வாசிப்பில் "ஸ்டேஜிங்" ஒரு பாதைபோலத் தோன்றும். அந்தப் பெயரில் நிஜமாகவே ஒரு ஃபோல்டர் இருந்துவிட்டால் எந்த கான்ஃப்டெஸ்ட்டை ஏற்றுவது, எது ரூட்டிர் (திட்டத்தின் மேல்மட்ட ஃபோல்டர்) என்ற கணக்கே மாறக்கூடும். சமக்குறி போட்டால் இந்தத் தொல்லை இல்லை.

## அறிகுறி: --ஹெல்ப் பட்டியலில் ஆப்ஷனைக் காணோம்

காரணம் மேலே சொன்னதேதான். பைடெஸ்ட்டின் ஹெல்ப் நிலையானதல்ல; எந்த ஃபோல்டரிலிருந்து கேட்கிறீர்கள், எந்தப் பாதையைத் தருகிறீர்கள், எந்த ப்ளக்இன்கள் நிறுவியிருக்கின்றன என்பதற்கேற்ப மாறும். பைடெஸ்ட் --ஹெல்ப் டெஸ்ட்ஸ்/இன்டக்ரேஷன் என்று பாதையோடு கேட்டுப் பாருங்கள். நம் ஆப்ஷன்கள் "கஸ்டம் ஆப்ஷன்ஸ்" என்ற தலைப்பின் கீழ் வரும், தனிக் குழு வைத்திருந்தால் அதன் பெயரில் வரும்.

ஹெல்ப் கேட்டதும் பட்டியலுக்குப் பதில் பைத்தான் ட்ரேஸ்பேக் கொட்டினால், யாரோ ஆப்ஷனின் விளக்கவுரையில் வெறும் சதவீதக் குறி போட்டிருக்கிறார்கள். "கவரேஜ் 80% கீழே போனால் நிறுத்து" என்பதுபோல. விளக்கவுரை ஆர்க்பார்ஸ் நூலகத்தின் வழியாகப் போகிறது. அங்கே % என்பது மதிப்பைச் செருகும் குறி. %% என்று இரட்டிப்பாக்க வேண்டும். டெஸ்ட் ஓட்டும்போது இது பெரும்பாலும் தெரியவே தெரியாது, ஹெல்ப் கேட்பவர் தலையில்தான் விடியும். அதே குறியை நல்லதற்கும் பயன்படுத்தலாம்: விளக்கவுரையில் %(டிஃபால்ட்)எஸ் என்று எழுதினால் முன்னிருப்பு மதிப்பு தானாக அச்சாகும். நிரலில் மாறினால் ஹெல்ப்பிலும் மாறும். கையால் எழுதிய முன்னிருப்பு மதிப்பை நாங்கள் நம்புவதில்லை.

ஹெல்ப் வெளியீட்டையே ஆவணத்தில் சேர்ப்பது நல்ல வழி, ஆனால் எடுக்கும் சூழலைக் கட்டிவைக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொருவர் எடுக்கும்போதும் ஒவ்வொரு மாதிரி வரும். செய்ய வேண்டியது:

1. காலம்ஸ் சூழல் மாறியை 80 என்று வையுங்கள். டெர்மினல் அகலத்துக்கேற்ப வரிகள் மடிவதால்தான் ஒன்றுமே மாறாதபோதும் கிட் முழுப் பக்கமும் மாறியதாகக் காட்டுகிறது.
2. பைடெஸ்ட்_டிசேபிள்_ப்ளக்இன்_ஆட்டோலோட் மாறியை 1 ஆக்குங்கள். உங்கள் கணினியில் தற்செயலாகக் கிடக்கும் ப்ளக்இன்கள் பட்டியலில் நுழையாது. திட்டத்துக்கு உண்மையிலேயே தேவையான ப்ளக்இன்னை -பி பைடெஸ்ட்_கவ் என்று பெயர் சொல்லி ஏற்றுங்கள். இந்த பி சிறியது.
3. திட்டத்தின் மேல்மட்ட ஃபோல்டரிலிருந்து மட்டும் ஓட்டுங்கள்.
4. வெளியீட்டைக் கோப்பாகச் சேமித்து, சிஐயில் மறுபடி எடுத்து டிஃப் பாருங்கள். வேறுபட்டால் பில்ட் தோற்கட்டும்.

## அறிகுறி: பிழை இல்லை, ஆனால் ஆப்ஷனுக்குப் பலனும் இல்லை

பைடெஸ்ட் ஆப்ஷன்களை அடுக்கும் வரிசை இது: முதலில் ஐஎன்ஐ கோப்பின் ஆட்ஆப்ட்ஸ், அடுத்து பைடெஸ்ட்_ஆட்ஆப்ட்ஸ் மாறி, கடைசியில் நீங்கள் அடித்தது. ஒற்றை மதிப்பு வாங்கும் ஆப்ஷன் இருமுறை வந்தால் கடைசியில் வந்தது நிற்கும். கேட்க நல்லதாகத்தான் இருக்கிறது, ஆனால் இதில் ஒரு பள்ளம் உண்டு. -எம் என்பது டெஸ்ட்டின் மேல் எழுதிய குறியை (மார்க்கர்) வைத்துத் தேர்ந்தெடுப்பது. ஆட்ஆப்ட்ஸில் -எம் "நாட் ஸ்லோ" என்று இருக்கிறது. நீங்கள் -எம் ஸ்மோக் என்று ஓட்டுகிறீர்கள். இரண்டும் சேர்ந்து "ஸ்மோக், ஆனால் ஸ்லோ இல்லாதவை" என்று ஆகும் என எதிர்பார்ப்போம். ஆகாது. முதலாவது அடியோடு போய்விடும். ஸ்மோக் குறி பெற்ற மெதுவான டெஸ்ட்களும் ஓடும். வேண்டியதை முழுதாகவே எழுத வேண்டும்: -எம் "ஸ்மோக் அண்ட் நாட் ஸ்லோ". -கே ஆப்ஷனுக்கும் இதே கதை.

-வி, -க்யூ இரண்டும் இப்படி அல்ல, கூட்டிக் கழிக்கப்படும். ஆட்ஆப்ட்ஸில் -க்யூ இருக்கும்போது -வி போட்டால் பூச்சியத்துக்கு வருவீர்கள். விவரம் வேண்டுமானால் -விவி, இங்கே சிறிய எழுத்து.

எதை மாற்றினாலும் அசையவில்லை என்றால் தவறான அமைப்புக் கோப்பைத் திருத்திக்கொண்டிருக்கிறீர்கள். ஓட்டத்தின் தலைப்பில் ரூட்டிர், கான்ஃபிக்ஃபைல் என்ற விவரம் வரும். -க்யூ போட்டால் அந்தத் தலைப்பே வராது, எடுத்துவிட்டுப் பாருங்கள். பைடெஸ்ட்.ஐஎன்ஐ என்று ஒரு கோப்பு இருந்தால், அது காலியாகவே இருந்தாலும், அதற்குத்தான் முதல் மரியாதை. பக்கத்தில் இருக்கும் பைபுராஜெக்ட்.டாமல் கோப்பில் எழுதியது எதுவும் செல்லாது. பிரிவின் பெயரும் கோப்புக்குக் கோப்பு வேறு: பைடெஸ்ட்.ஐஎன்ஐயிலும் டாக்ஸ்.ஐஎன்ஐயிலும் [பைடெஸ்ட்], செட்டப்.சிஎஃப்ஜியில் [டூல்:பைடெஸ்ட்], பைபுராஜெக்ட்.டாமலில் [டூல்.பைடெஸ்ட்.ஐஎன்ஐ_ஆப்ஷன்ஸ்]. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வெட்டி ஒட்டும்போது இந்தத் தலைப்பு மாறாமல் போவது வழக்கமான பிழை.

## அறிகுறி: எல்லாம் "டீசெலக்டட்", முடிவு எண் 5

-எம் ஸ்லொ என்று எழுத்துப்பிழையோடு அடித்தாலும் பைடெஸ்ட் குறை சொல்லாது. அப்படிக் குறி உள்ள டெஸ்ட் எதுவும் இல்லை என்று எல்லாவற்றையும் விலக்கிவிடும், அவ்வளவுதான். --ஸ்ட்ரிக்ட்-மார்க்கர்ஸ் இதைப் பிடிக்கும் என்று சில ஆவணங்களில் எழுதியிருப்பார்கள். பிடிக்காது. அது பார்ப்பது நிரலில் டெஸ்ட்டின் மேல் எழுதிய குறிகள் பதிவானவையா என்பதை மட்டும். கட்டளையில் அடித்ததைச் சரிபார்க்க பைடெஸ்ட் --மார்க்கர்ஸ் பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

-கே நேர் எதிர்த் திசையில் தப்பு செய்யும்: அதிகமாகப் பிடிக்கும். டெஸ்ட் பெயரில் மட்டுமின்றிக் கோப்பின் பெயர், வகுப்பின் பெயர், குறிகள் எல்லாவற்றிலும் தேடும், பெரிய எழுத்து சிறிய எழுத்து பேதம் பார்க்காது. -கே லாகின் என்றால் டெஸ்ட்_லாகின்.பிஒய் கோப்பில் உள்ள அத்தனையும் வந்துவிடும். ஓட்டும் முன் --கலெக்ட்-ஒன்லி -க்யூ சேர்த்து எவை தேர்வாகின்றன என்று பாருங்கள். டெஸ்ட் எதுவும் ஓடாமல் பெயர்ப் பட்டியல் மட்டும் வரும்.

## அறிகுறி: பிரின்ட் செய்தது திரையில் வரவில்லை

தேறிய டெஸ்ட்டின் வெளியீட்டைப் பைடெஸ்ட் பிடித்து வைத்துக்கொண்டு காட்டாமல் விடும். -எஸ் போட்டால் பிடிக்கவே பிடிக்காது, அப்போதைக்கப்போது திரையில் வரும். கடைசியில் ஒழுங்காகத் தொகுத்துப் பார்க்க வேண்டுமானால் -ஆர் எழுத்தோடு பெரிய பி. சிறிய பி போட்டால் தேறிய டெஸ்ட்களின் பெயர் மட்டும் வரும், வெளியீடு வராது. எக்ஸ் எழுத்திலும் இந்த வித்தியாசம் உண்டு: சிறியது, தோற்கும் என்று குறித்து அப்படியே தோற்றவை, பெரியது, தோற்கும் என்று குறித்தும் தேறிவிட்டவை. ஆவண அட்டவணையை எழுத்துத் திருத்தியோ தானியங்கிக் கருவியோ ஒரே சீராகச் சிறிய எழுத்தாக்கிவிட்டால் இந்த வரிகள் பொய்யாகிவிடும்.

எக்ஸ்டிஸ்ட்டின் -என் உடன் ஓட்டினால் -எஸ் உதவாது. டெஸ்ட்கள் தனித்தனிச் செயல்முறைகளில் ஓடுகின்றன. அவற்றின் பிரின்ட் உங்கள் டெர்மினலுக்கு வந்து சேராது. -என் 0 வைத்து மறுபடி ஓட்டுங்கள்.

## அறிகுறி: --எல்எஃப் போட்டும் எல்லா டெஸ்ட்டும் ஓடுகின்றன

--எல்எஃப் என்பது போன முறை தோற்ற டெஸ்ட்களை மட்டும் ஓட்டும் ஆப்ஷன். அப்படித் தோற்றவை .பைடெஸ்ட்_கேஷ் ஃபோல்டரில் குறித்து வைக்கப்படுகின்றன. சிஐயில் ஒவ்வொரு முறையும் புதுக் கணினி, அந்த ஃபோல்டர் இருக்காது. தோற்றதாக ஒன்றும் பதிவில்லை என்றால் எல்லாவற்றையும் ஓட்டுவதுதான் --எல்எஃப்பின் முன்னிருப்பு. ஒன்றும் ஓட வேண்டாம் என்றால் --எல்எஃப்என்எஃப்=நன் சேர்க்கலாம், ஆனால் அப்போது முடிவு எண் 5 வரும் என்பதைச் சிஐ ஸ்கிரிப்ட் எழுதுபவரிடம் சொல்லிவிடுங்கள்.

## அறிகுறி: நம் ஆப்ஷன் மதிப்பைத் தவறாகப் புரிந்துகொள்கிறது

--ரீட்ரை=ஃபால்ஸ் என்று அணைத்தாலும் அணையவில்லை. பதிவில் டைப்=பூல் என்று இருக்கும். பைத்தானில் காலியில்லாத எந்தச் சரமும் உண்மை. "ஃபால்ஸ்" என்ற சொல்லும் காலியில்லாத சரம்தானே. ஆன், ஆஃப் என்ற இரண்டு நிலை மட்டும் வேண்டுமானால் ஆக்ஷன்="ஸ்டோர்_ட்ரூ" வைத்து, மதிப்பே வாங்காமல் விடுங்கள். எண் வேண்டிய இடத்தில் டைப்=இன்ட் போடாவிட்டால் 3 என்பது எழுத்தாகவே வந்து சேரும், ஒப்பிடும் வரியில் போய் உடையும்.

ஆக்ஷன்="அப்பெண்ட்" உடன் முன்னிருப்பாக ஒரு பட்டியல் கொடுத்திருந்தால், பயனர் தருவது அந்தப் பட்டியலை மாற்றாது, அதன் வாலில் சேரும். --ப்ரவுசர்=ஃபயர்ஃபாக்ஸ் என்று கேட்டவருக்கு குரோமும் சேர்ந்து ஓடுவது இப்படித்தான். முன்னிருப்பை நன் என்று வைத்து, படிக்கும் இடத்தில் காலியானால் குரோம் என்று எழுதுங்கள்.

தொடங்கும்போதே "லோயர்கேஸ் ஷார்ட்ஆப்ஷன்ஸ் ரிசர்வ்டு" என்று வால்யூஎர்ரர் வந்தால், நம் ஆப்ஷனுக்கு ஒற்றைச் சிறிய எழுத்தில் சுருக்கம் வைக்கப் பார்த்திருக்கிறீர்கள். அந்த எழுத்துகளை எல்லாம் பைடெஸ்ட் தனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறது. பெரிய எழுத்து வைக்கலாம், அல்லது சுருக்கமே வேண்டாம்; இரண்டாவதே மேல். "ஆல்ரெடி ஆடட்" என்று முடிந்தால் அதே பெயர் ஏற்கனவே பதிவாகிவிட்டது, ஒரு ப்ளக்இன் எடுத்துக்கொண்டிருக்கலாம். --என்வ், --டைம்அவுட் மாதிரிப் பொதுப் பெயர்களில்தான் இந்த மோதல் வரும். --கடை-என்வ் என்று திட்டத்தின் பெயரை முன்னால் சேர்த்துவிட்டு, ரீட்மீயிலும் சிஐ ஸ்கிரிப்ட்டிலும் ஆட்ஆப்ட்ஸ் வரியிலும் பழைய பெயரை கிரெப் போட்டுத் தேடி மாற்றுங்கள்.